தேதி ஒருவர் கையில், ஆள் இன்னொருவர் கண்ணில்

முதல் நாளில் ஆறு பேர். அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீட்டு இணையதளமான ஹெல்த்கேர்.கவ் 2013 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டபோது, அன்றைய பொழுது முடிவதற்குள் ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுத்துப் பதிவை முடிக்க முடிந்தவர்கள் அவ்வளவுதான். எட்டிப் பார்த்தவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். 36 மாநிலங்களின் மக்கள் அந்த ஒரு தளத்தையே நம்பியிருந்தார்கள். சட்டம் கையெழுத்தாகி மூன்றரை ஆண்டு ஓடியிருந்தது. 50-க்கும் மேற்பட்ட ஒப்பந்த நிறுவனங்கள் அதில் வேலை பார்த்திருந்தன. யூஎக்ஸ் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட், அதாவது பயனர் அனுபவத் திட்ட மேலாண்மை என்ற பெயரில் இரண்டு மூன்று நாள் நடக்கும் பயிற்சி வகுப்புகளுக்கு இதைவிடப் பொருத்தமான பாடக்கதை கிடைக்காது. ஆறு என்ற எண்ணைக் கேட்டதும் வகுப்பில் சிரிப்பு எழும். எழுந்த வேகத்திலேயே அடங்கியும் விடும். உட்கார்ந்திருக்கும் பலருக்குச் சொந்தமாக ஒரு ரிலீஸ் இரவு ஞாபகத்தில் இருக்கும்.

இந்த வகுப்புகளுக்கு வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு ரகம். முதல் ரகம், டிசைனராக நன்றாக வேலை செய்த குற்றத்துக்காக லீட் ஆக்கப்பட்டவர்கள். நேற்றுவரை திரைகளை வரைந்துகொண்டிருந்தார்கள். இன்று நாலு பேருடைய லீவு, வாராந்தர ரிப்போர்ட், கிளையன்ட் கால் எல்லாம் அவர்கள் தலையில். இரண்டாவது ரகம், பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ப்ராஜெக்ட் மேனேஜராகவே காலம் தள்ளியவர்கள். பில்லிங், ஆள்கணக்கு, தாமதத்துக்குக் காரணம் எழுதுவது எல்லாம் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. டிசைன் என்ற ஒரு வரி மட்டும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிடிபடாமல் அவர்களுடைய அட்டவணையில் வழுக்கிக்கொண்டே இருக்கும். முதல் அரைமணி நேரத்திலேயே இரு தரப்பும் வேறு வேறு கேள்விகளோடு வந்திருப்பது தெரிந்துவிடும். “இது எத்தனை நாள் வேலை?” என்று ஒருவர் கேட்பார். “இது யாருக்கு?” என்று மற்றவர் கேட்பார். இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஒரே ஆள் இரண்டையும் கேட்டுப் பழகவில்லை என்பதுதான் சிக்கல்.

பழகாததற்குச் சரித்திரக் காரணம் உண்டு. திட்ட மேலாண்மையின் கருவிகள் தொழிற்சாலையிலும் படைத்துறையிலும் பிறந்தவை. ஹென்றி காண்ட் வரைந்த பட்டை அட்டவணை முதல் உலகப் போர்க் காலத்தில் பரவியது. பெர்ட் என்ற வலைப்பின்னல் முறை 1958-இல் அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவானது. 1969-இல் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட் தொடங்கியது. 1984-இல் அதன் பிஎம்பி தேர்வு வந்தது. பயனர் அனுபவம் என்ற துறையோ உளவியல் ஆய்வகங்களிலிருந்து வந்தது. பேராசிரியர் டான் நார்மன் 1993-இல் ஆப்பிளில் சேர்ந்தபோது தன் பதவிப் பெயரிலேயே பயனர் அனுபவத்தைச் சேர்த்துக்கொண்டார். அவரும் யாக்கோப் நீல்சனும் 1998-இல் தொடங்கிய நீல்சன் நார்மன் குழுமம் ஐந்து வகுப்பும் ஐந்து தேர்வும் முடித்தவர்களுக்குச் சான்றிதழ் தருகிறது. ஒரு பரம்பரை நாள்களை எண்ணிப் பழகியது. மற்றது, மனிதர்கள் எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்று பக்கத்தில் நின்று பார்த்துப் பழகியது.

நார்மன் பார்த்த தடுமாற்றங்களில் ஒன்று மேலாளர்களுக்காகவே நடந்தது போலிருக்கும். 1979 மார்ச் 28 அன்று பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்கான விளக்கு அணைந்திருந்ததால் வால்வு மூடிவிட்டது என்று ஊழியர்கள் நம்பினார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டிருந்தது. அந்த விளக்கு உண்மையில் சொன்னது வேறு: மூடச் சொல்லி மின் கட்டளை போய்விட்டது என்பது மட்டும். வால்வின் நிலையை அது அளக்கவே இல்லை. விபத்துக்குப் பிறகு கட்டுப்பாட்டு அறையை ஆராய அழைக்கப்பட்டவர்களில் நார்மனும் ஒருவர். ஊழியர்களைக் குறை சொல்வதைவிட, இப்படித் தவறு செய்ய வைக்கும்படி அறையை அமைத்ததைத்தான் பேச வேண்டும் என்று அவர் கண்டார்.

வாராந்தர ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டில் பச்சை நிறத்தில் நிற்கும் கட்டங்கள் எதை அளக்கின்றன? டிசைன் முடிந்தது, சைன்-ஆஃப் ஆனது, கோடு எழுதியாகிவிட்டது, டெஸ்டிங் பாஸ். எல்லாம் கட்டளை போன செய்திகள். கடைசியில் அதைக் கையில் எடுக்கப்போகும் ஆள் தன் காரியத்தை முடித்தாரா என்பதற்கு அந்த அட்டவணையில் பெரும்பாலும் கட்டமே கிடையாது. ஹெல்த்கேர்.கவ்விலும் அக்டோபர் முதல் தேதிக்கு முன்பு பல பகுதிகள் தனித்தனியே ‘முடிந்தவை’யாகத்தான் இருந்தன. எல்லாவற்றையும் இணைத்து, தொடக்கம் முதல் இறுதிவரை ஓட்டிப் பார்க்கும் சோதனை செப்டம்பரின் கடைசி இரண்டு வாரங்களில்தான் நடந்தது என்று ஒப்பந்ததாரர்கள் பின்னர் நாடாளுமன்றக் குழுவின் முன் சொன்னார்கள்.

வகுப்பில் மிக உற்சாகமான நேரம், சுவரில் காகிதம் ஒட்டும் நேரம். ஜோடி ஜோடியாகப் பிரிந்து ஒருவரையொருவர் பேட்டி காணச் சொல்வார்கள்: கடைசியாக ஆன்லைனில் டிக்கெட் எடுத்த கதையைச் சொல்லுங்கள். கேட்பவர் ஒரு ஸ்டிக்கி நோட்டுக்கு ஒரு செய்தி வீதம் எழுத வேண்டும், அதுவும் சொன்னவரின் வாய்மொழியிலேயே. பதினைந்து நிமிஷத்தில் மஞ்சள் காகிதங்கள் சுவரை நிறைத்துவிடும். ‘ஓடிபி வர்றதுக்குள்ள பக்கம் போயிடுச்சு.’ ‘அப்பாவுக்கு மூட்டு வலி, கீழ் பெர்த் வேணும், அதை எங்க சொல்றதுன்னே தெரியல.’ ‘பணம் எடுத்துட்டான், டிக்கெட் வரல.’ ‘பையன்கிட்ட போனைக் குடுத்துட்டேன்.’ அடுத்து, இவற்றைக் கூட்டம் கூட்டமாகச் சேர்க்க வேண்டும்.

இங்கேதான் மேலாளர்களின் கை தானாக ஓடும். யாரும் சொல்லாமலே ஒருவர் மார்க்கரை எடுத்து ‘லாகின்’, ‘பேமென்ட்’, ‘சர்ச்’, ‘நோட்டிஃபிகேஷன்’ என்று நாலு தலைப்பை எழுதிவிடுவார். காகிதங்கள் மளமளவென்று அவற்றின் கீழ் போய் உட்காரும். ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்த திருப்தி. பயிற்சியாளர் அப்போது ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “இந்த நாலு தலைப்பும் அந்த ஆள் சொன்னதா, இல்ல உங்க டீம் பேரா?” பார்த்தால், நாலும் அலுவலகத்தில் நாலு குழுக்களின் பெயர்கள். ஒருவர் ஒரே மூச்சில் சொன்ன கதை நாலு மேசைக்குத் துண்டுபோட்டு அனுப்பப்பட்டிருக்கும். கீழ் பெர்த் வேண்டும் என்ற காகிதம் எந்தத் தலைப்பிலும் சேராமல் சுவரின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். ‘இது அவுட் ஆஃப் ஸ்கோப்’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

தலைப்புகளைக் கிழித்துவிட்டு மறுபடி தொடங்கச் சொல்வார்கள். இந்த முறை பேசக் கூடாது. எந்தக் காகிதம் எந்தக் காகிதத்தோடு சேர விரும்புகிறது என்று மட்டும் பார்க்க வேண்டும். சேர்ந்த பிறகுதான் பெயர். சேராததை வலிந்து சேர்க்கக் கூடாது. தனியாகவே விட வேண்டும். இப்போது கூட்டங்கள் வேறு மாதிரி அமையும். ஓடிபியும் மகனிடம் போனைக் கொடுத்ததும் பக்கத்துப் பக்கத்தில் வரும்: கடிகாரத்தைப் பார்த்துப் பதறும் ஆள். பணம் போனதும், வங்கிக் குறுஞ்செய்தியைத் திரும்பத் திரும்பப் பார்த்ததும் ஒன்றாகும்: எடுத்ததை எடுத்தேனா என்று தெரியாத ஆள். எந்தக் குழுவின் பெயரும் இவற்றுக்குப் பொருந்தாது. ஆகவே இவற்றை யார் தலையில் கட்டுவது என்ற கேள்வி அங்கேயே, சுவரின் முன் எழும்.

இந்த முறையைத் தந்தவர் ஒரு மேலாண்மை ஆலோசகர் அல்ல. ஜப்பானிய மானிடவியலாளர் கவாகிதா ஜிரோ 1950-களில் நேபாளத்தில் களப்பணி செய்தவர். மலைக் கிராமங்களிலிருந்து கொண்டுவந்த ஒழுங்கற்ற குறிப்புகளை, முன்கூட்டியே வைத்திருந்த கோட்பாட்டில் அடைக்காமல், அவற்றின் போக்கிலேயே அடுக்கிப் பார்க்க வேண்டிய தேவையிலிருந்து இந்த வழியை உருவாக்கினார். அவர் பெயரின் முதலெழுத்துகளால் கேஜே முறை என்று ஜப்பானியத் தொழிற்சாலைகளுக்கு அது போனது. அங்கிருந்து உலகம் சுற்றியது. 3எம் நிறுவனத்தின் ஒட்டும் காகிதம் 1980-இல் கடைக்கு வந்தபோது அதற்கேற்ற உடலும் கிடைத்தது. கவாகிதாவுக்கு 1984-இல் ரமோன் மகசேசே விருது கொடுக்கப்பட்டது இந்த முறைக்காக மட்டுமல்ல. நேபாளத்துக் கிராமத்தார்களையே தங்கள் பிரச்சினைகளை ஆராயும் பங்காளிகளாக்கி, அவர்களுக்குக் குடிநீர்க் குழாய்களும் மலை இடுக்குகளைக் கடக்கும் கம்பிவடப் பாதைகளும் கிடைக்கச் செய்ததற்காக.

குளிரூட்டிய ஓட்டல் அரங்கில் அந்த முறை பாதிதான் வந்து சேர்கிறது. காகிதமும் சுவரும் வருகின்றன. கிராமத்தார் வருவதில்லை. பயிற்சி பெறுபவர்கள் ஒருவருக்கொருவர் பயனராக நடித்துக்கொள்கிறார்கள். மூன்று நாளில் வேறு வழியும் இல்லை. ஆனால் அலுவலகத்துக்குத் திரும்பிய பிறகும் அந்த நடிப்பே தொடர்வதுண்டு. ஆலன் கூப்பர் 1999-இல் தன் புத்தகத்தின் மூலம் பரப்பிய பெர்சோனா, அதாவது ஆய்வில் சந்தித்த பலரிலிருந்து திரட்டி எழுதப்படும் மாதிரி மனிதர், பல இடங்களில் யாரையும் சந்திக்காமலே எழுதப்படுகிறது. புன்னகைக்கும் ஒரு படம், 34 வயது, இரண்டு குழந்தைகள், பிடித்த காபி. கூட்டங்களில் அவரைக் கேட்டே எல்லாம் முடிவாகும். அவரும் மறுப்புச் சொல்லமாட்டார்.

இரண்டாம் நாள் பெரும்பாலும் எஸ்டிமேட்டுக்கு. சீட்டுக்கட்டு ஒன்று கைக்கு வரும்: 1, 2, 3, 5, 8, 13, 20, 40, 100. ஜேம்ஸ் கிரென்னிங் 2002-இல் விவரித்த பிளானிங் போக்கர். வேலை ஒன்றை விளக்கியதும் எல்லோரும் தங்கள் மதிப்பீட்டுச் சீட்டைக் கவிழ்த்து வைத்து, ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். மூத்தவர் முதலில் வாய் திறந்து ‘அஞ்சு’ என்று சொல்லிவிட்டால் மற்றவர்களின் மனக்கணக்கு ஐந்தைச் சுற்றியே வட்டமடிக்கும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. மிகக் குறைந்த எண்ணைக் காட்டியவரும் மிக அதிக எண்ணைக் காட்டியவரும் காரணம் சொல்ல வேண்டும். ‘பதிவுப் படிவத்தை எளிமையாக்குதல்’ என்று ஒரு வேலையை வைத்தால் டெவலப்பர் 3 காட்டுவார், டிசைனர் 20 காட்டுவார். டெவலப்பருக்கு நான்கு கட்டங்களை நீக்கும் வேலை. டிசைனருக்கு, எந்த நான்கை நீக்கலாம் என்று பத்துப் பேரைப் பார்த்துக் கேட்டுவிட்டு வரும் வேலை. சீட்டைத் திருப்பும் வரை இருவரும் ஒரே வேலையைப் பற்றிப் பேசுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

சீட்டு எவ்வளவு நேர்மையாகத் திருப்பப்பட்டாலும் மொத்தக் கூட்டல் குறைவாகத்தான் வரும். உளவியலாளர்கள் டேனியல் கானெமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் இதற்குத் திட்டமிடல் பிழை என்று பெயர் வைத்தார்கள். கானெமன் தன் சொந்த அனுபவத்தையே சாட்சி வைத்தார். இஸ்ரேலில் பள்ளி மாணவர்களுக்கான ஒரு பாடநூலை எழுத அவர் குழு அமைத்தார். எப்போது முடியும் என்று ஒவ்வொருவரும் தனியே எழுதிக் கொடுத்தபோது எல்லோரும் ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டுக்குள் சொன்னார்கள். குழுவிலிருந்த கல்வி நிபுணரிடம், இதுபோன்ற மற்றக் குழுக்களுக்கு எவ்வளவு காலம் ஆனது என்று கேட்டார். சற்று யோசித்துவிட்டு அவர் சொன்னார்: சுமார் 40 சதவீதக் குழுக்கள் முடிக்கவே இல்லை, முடித்தவர்களுக்கு ஏழு முதல் பத்து ஆண்டு பிடித்தது. அதே நிபுணர் கொஞ்ச நேரத்துக்கு முன் தன் காகிதத்தில் மற்றவர்களைப் போலவேதான் எழுதியிருந்தார். குழு அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டு வேலையைத் தொடர்ந்தது. நூல் முடிய எட்டு ஆண்டு ஆனது. பள்ளிகளில் அது பயன்படுத்தப்படவே இல்லை.

அந்த நிபுணருக்கு விஷயம் தெரியாமல் இல்லை. தெரிந்ததையும் தான் போட்ட கணக்கையும் அவர் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கவில்லை. ஓர் ஆளுக்குள்ளேயே இது நடக்குமென்றால், தெரிந்தவர் ஒரு துறையிலும் கணக்குப் போடுபவர் வேறொரு துறையிலும் இருக்கும் நிறுவனத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்தின் ஸ்னோபேர்டில் 17 மென்பொருள் ஆட்கள் கூடி எழுதிய அஜைல் அறிக்கை இந்தப் பிளவைக் குறைக்கும் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். ஓரளவு குறைத்தது. ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரிண்ட் என்று வேலை நறுக்கப்பட்டதும், பயனரைப் போய்ப் பார்ப்பது எந்த நறுக்கில் வரும் என்ற புதுத் தகராறு கிளம்பியது. மறு ஆண்டே அஜைல் தரப்பின் கென்ட் பெக்கும் டிசைன் தரப்பின் ஆலன் கூப்பரும் ஒரு நேர்காணலில் மோதிக்கொண்டார்கள்: கட்டுவதற்கு முன் டிசைனை முடிக்க வேண்டும் என்றார் கூப்பர், அப்படி முன்கட்டம் என ஒன்று இருப்பதே நோய் என்றார் பெக். நடைமுறைக்கு உதவும் தீர்வு டொரண்டோவிலிருந்து வந்தது. ஆட்டோடெஸ்கில் வேலை பார்த்த லின் மில்லரும் டெசிரே சையும் இரண்டு தண்டவாளங்களை விவரித்தார்கள். டெவலப்பர்கள் இந்த ஸ்பிரிண்டின் வேலையைச் செய்யும்போது, டிசைனர்கள் அடுத்த ஸ்பிரிண்டுக்கான டிசைனைச் செய்கிறார்கள், அதற்கும் அடுத்ததற்கான ஆட்களைப் போய்ப் பார்க்கிறார்கள், போன ஸ்பிரிண்டில் கட்டியதைச் சோதிக்கிறார்கள். காகிதத்தில் அழகாக இருக்கும் இந்த ஏற்பாட்டில், ஒரு ஸ்பிரிண்ட் சறுக்கினால் முதலில் கைவிடப்படுவது இரண்டாவது தண்டவாளம்தான். அதைக் கைவிட்டால் அந்த வாரத்தில் எதுவும் நின்றுபோவதில்லை.

பயனரைப் போய்ப் பார்க்காததற்குச் செலவு என்ற காரணமும் நெடுநாள் தாக்குப்பிடிக்கவில்லை. ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே ஒரு டிசைனின் குறைகளில் ஏறத்தாழ 85 சதவீதம் தெரிந்துவிடும் என்று நீல்சன் 2000-இல் எழுதினார். தாமஸ் லண்டாவரும் அவரும் 1993-இல் போட்ட கணக்கின்படி ஒருவர் சராசரியாக 31 சதவீதத்தைக் காட்டிக்கொடுப்பார். 15 பேருக்குக் காசிருந்தால் ஒரே தடவையில் செலவழிக்காமல், ஐந்து ஐந்தாக மூன்று தடவை, நடுவில் திருத்தித் திருத்திச் சோதிக்கச் சொன்னார். எல்லா வகைத் தளத்துக்கும் ஐந்து போதுமா என்ற வாதம் இன்றும் நடக்கிறது. ஆனால் பூஜ்யத்துக்கும் ஐந்துக்கும் உள்ள தூரத்தைப் பற்றி வாதமில்லை. பயனர் அனுபவ ஆய்வாளர் ஜேரட் ஸ்பூல் வேறொரு பக்கத்திலிருந்து வந்தார். நல்ல டிசைன் தரும் குழுக்களைக் கவனித்தபோது, குழுவில் ஒவ்வொருவரும் ஆறு வாரத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம், உண்மையான பயனர் வேலை செய்வதை நேரில் பார்த்திருந்தார்கள் என்றார். ஒவ்வொருவரும் என்பதில் டிசைனர் மட்டுமல்ல, டெவலப்பரும் தேதியை நிர்ணயிக்கும் மேலாளரும் அடக்கம்.

ஐந்து பேர், இரண்டு மணி நேரம். இதற்கும் இடமில்லை என்று சொல்லும்போது மேலாளர்கள் வழக்கமாகக் காட்டுவது தேதியைத்தான். “சார், இதெல்லாம் சரி. கோ-லைவ் டேட் ஃபிக்ஸ் ஆயிடுச்சே!” முகூர்த்தம் குறித்தாகிவிட்டது, இனிமேல் பெண்ணும் பையனும் பேசிப் பார்க்க நேரமில்லை என்பது போல. இதற்குப் பதிலாக வகுப்புகளில் அதிகம் பேசப்படாத ஓர் உதாரணம் இருக்கிறது. தேதி விஷயத்தில் ஹெல்த்கேர்.கவ்வைவிடக் கறாரானது.

1984 ஜூலை 28. லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் தொடக்க நாள். விளையாட்டு வீரர்களுக்குக் குரல்வழிச் செய்தி அமைப்பு ஒன்றை ஐபிஎம் செய்துகொடுத்தது. உலகின் எந்த மூலையிலிருந்தும் வீட்டார் தொலைபேசியில் கூப்பிட்டுச் செய்தி விடலாம். ஒலிம்பிக் கிராமத்திலிருக்கும் வீரர் கியாஸ்குக்குப் போய்த் தன் மொழியில் வழிகாட்டப்பட்டு அதைக் கேட்கலாம், பதில் சொல்லலாம். பன்னிரண்டு மொழிகள். கைபேசியும் மின்னஞ்சலும் பரவலாகாத காலம். ஜான் கூல்ட் இடம்பெற்ற, ஐபிஎம்மின் யார்க்டவுன் ஆய்வகத்தைச் சேர்ந்த சிறு குழு அதைச் செய்தது. ஒரு நாள் தாமதம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. பதினாறு நாளில் விளையாட்டு முடிந்துவிடும். அதற்குப் பிறகு சரியாக ஓடி யாருக்கும் பயனில்லை.

கூல்ட் குழு முதலில் எழுதியது கோடு அல்ல, பயனர் கையேடு. அமைப்பே இல்லாத நிலையில், அது எப்படி வேலை செய்யும் என்று ஓரிரு பக்கக் காட்சிகளாக எழுதிப் பலரிடம் காட்டினார்கள். ஒரு வீரரின் பெற்றோர் எங்கோ ஒரு நாட்டிலிருந்து கூப்பிட்டால் அவர்கள் காதில் என்ன கேட்கும் என்று வரிவரியாக எழுதினார்கள். படித்தவர்கள் தடுமாறிய இடங்களில் திட்டத்தையே மாற்றினார்கள். முன்னாள் ஒலிம்பிக் வீரர் ஒருவரைக் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு கியாஸ்கின் மாதிரியாக ஓர் உள்ளீடற்ற உருளையைச் செய்து ஆய்வகத்தின் வாசல் நடையில் நிறுத்தினார்கள். அதில் மின்சாரம் கூட இல்லை. திரை இருக்க வேண்டிய இடத்தில் வரைபடங்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்துக் கருத்துச் சொன்னார்கள். வாரங்கள் போகப் போக அந்த உருளைக்குள் உண்மையான பாகங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கடைசிக் கட்டத்தில் கணினி மாணவர்களை அழைத்து, இதை எப்படியாவது உடைத்துக் காட்டுங்கள் என்று விட்டார்கள். ஒலிம்பிக் நடந்த காலம் முழுக்க அமைப்பு ஓடியது. வீரர்கள் அதைப் பயன்படுத்தினார்கள்.

அதற்கு ஓராண்டு கழித்து, 1985-இல், கூல்டும் கிளேட்டன் லூயிஸும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அமைப்புகளை வடிவமைக்கும் 400-க்கும் மேற்பட்டவர்களிடம், உங்கள் வேலையின் முக்கியமான படிகளை எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்கள். செய்து, சோதித்து, திரும்பச் செய்வதைக் குறிப்பிட்டவர்கள் ஐந்தில் ஒருவர் மட்டுமே. விளக்கிச் சொன்னால் எல்லோரும், இது தெரிந்த விஷயம்தானே என்றார்கள். கூல்ட் பிற்காலத்தில் தன் கொள்கைகளோடு இன்னொன்றையும் சேர்த்தார்: திரை, கையேடு, உதவி, பயிற்சி என்று பயன்பாட்டைத் தீண்டும் எல்லாமே ஒரே பொறுப்பின் கீழ் சேர்ந்து வளர வேண்டும். யார்க்டவுனில் நடைக்கூடத்தில் நின்று ஜனங்களின் முகத்தைப் பார்த்தவர்களும், ஜூலை 28-க்குப் பதில் சொல்ல வேண்டியவர்களும் ஒரே சிறு குழுவின் ஆட்கள். காலையில் பார்த்த தடுமாற்றத்துக்காகச் சாயங்காலம் திட்டத்தை மாற்ற அவர்கள் யாரிடமும் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கவில்லை.

2013-இல் வாஷிங்டனில் இதுதான் இல்லை. எச்சரிக்கைக்குப் பஞ்சமிருக்கவில்லை. ஹெல்த்கேர்.கவ் திறப்பதற்குச் சுமார் ஆறு மாதம் முன்பே, மெக்கின்சி நிறுவனம் தயாரித்த அறிக்கை சோதனைக்கான காலம் போதாது, தேவைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன என்று எழுத்தில் கொடுத்திருந்தது. கணக்குத் தொடங்காமலே திட்டங்களைப் பார்க்கும் வசதி கடைசிக் கட்டத்தில் கைவிடப்பட்டது. விலை என்ன என்று சும்மா பார்க்க வந்தவரும் பதிவு வாசலில் நிற்க வேண்டியதாயிற்று. அந்த வாசல்தான் முதலில் அடைத்துக்கொண்டது. சுகாதாரத் துறையின் தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, தெளிவான தலைமை இல்லாததை முதன்மையான காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. மீட்புக் குழு வந்த பிறகு கூட்ட அறையில் வைத்த விதிகளுள் ஒன்று, பதவி பெரியவர் பேசக் கூடாது, விஷயம் தெரிந்தவர் பேச வேண்டும் என்பது. இரண்டு மாதத்தில் தளம் ஓரளவு நிமிர்ந்தது. கோடு எழுதியவர்கள் பெரும்பாலும் பழைய ஆட்கள்தான்.

பிரிட்டன் அரசு இதை விதியாகவே எழுதிப் பார்த்தது. 2014 ஏப்ரலில் அதன் டிஜிட்டல் சேவைகளுக்கு 26 நிபந்தனைகள் வந்தன. கடைசி நிபந்தனை: துறை அமைச்சரே உட்கார்ந்து அந்தச் சேவையைத் தொடக்கம் முதல் முடிவுவரை செய்து பார்க்க வேண்டும். தேதியை அறிவிப்பவரின் விரலே அந்தப் படிவத்தின் மேல் பட வேண்டும் என்ற ஏற்பாடு. 2015-இல் நிபந்தனைகள் 18 ஆகச் சுருங்கியபோதும் அது தப்பித்தது. 2019-இல் 14 ஆனபோது காணாமல் போனது.

சென்னை, கோவை, பெங்களூரு அலுவலகங்களிலிருந்து வருபவர்களுக்கு இந்த உதாரணங்கள் எல்லாமே கொஞ்சம் பணக்காரத்தனமாகத் தெரியும். அவர்கள் கையில் தேதியும் இல்லை, ஆளும் இல்லை. தேதியை வேறு கண்டத்திலிருக்கும் கிளையன்ட் குறிக்கிறார். பயனர் அந்தக் கிளையன்ட்டின் வாடிக்கையாளர். நடுவில் ஆன்சைட் ஒருங்கிணைப்பாளர், அக்கவுண்ட் மேனேஜர், பதினொன்றரை மணி நேர வித்தியாசம். தேவைகள் எக்செல் தாளாக வரும். அதன் ஒவ்வொரு வரியும் பயனரைப் பார்த்த யாரோ ஒருவரிடமிருந்து நாலைந்து கை மாறி வந்தது. ஃபிக்ஸட் பிட் ஒப்பந்தமென்றால், புதிதாக ஒன்று தெரியவருவதே சேஞ்ச் ரிக்வெஸ்ட் என்ற சண்டையாக மாறும். “நான் எந்த யூசரைப் போய்ப் பார்க்கிறது மேடம்? எனக்கு விசாவா குடுப்பாங்க?” என்று கேட்கும் மேலாளரிடம் கவாகிதாவையோ கூல்டையோ எடுத்துக்காட்டிப் பயனில்லை.

அனுபவமுள்ள பயிற்சியாளர்கள் அந்தக் கேள்விக்கு எதிர்க்கேள்வி ஒன்று வைத்திருக்கிறார்கள்: அந்த அப்ளிகேஷனுக்கு சப்போர்ட் யார் பார்க்கிறார்கள்? பல சமயம் அதே நிறுவனம்தான். அதே வளாகத்தில், கீழ் மாடியில், இரவு ஷிஃப்டில் ஒரு குழு உட்கார்ந்து, எங்கோ இருக்கும் அந்தப் பயனர் அனுப்பிய டிக்கெட்டுகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கும். எந்தப் பொத்தானை ஜனங்கள் காணாமல் தேடுகிறார்கள், எந்த வாசகத்தைத் தப்பாகப் படிக்கிறார்கள் என்பது இருபத்து மூன்று வயதுப் பையன் ஒருவனுக்கு மனப்பாடமாக இருக்கும். அவனை எந்தக் கிக்-ஆஃப் கூட்டத்துக்கும் யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். ஆறு வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்ற கணக்கை அவன் ஒரே ஷிஃப்டில் பலமுறை தாண்டியிருப்பான்.

இதைச் சொன்னதும் வகுப்பில் சலசலப்பு எழும். அந்த மாடிக்கு நம்ம ஆக்சஸ் கார்டு வேலை செய்யாது என்பார் ஒருவர். அது வேறு டெலிவரி யூனிட், வேறு காஸ்ட் சென்டர் என்பார் இன்னொருவர். டிக்கெட் விவரத்தைப் பார்க்கக் கிளையன்ட்டின் தகவல் பாதுகாப்புப் பிரிவு அனுமதி தர வேண்டும் என்பது மூன்றாமவர் கவலை; அது வெறும் சாக்கும் அல்ல, ஒப்பந்தத்தில் உள்ள விதிதான். பெயர், தொலைபேசி எண்ணை மறைத்துவிட்டுக் கேட்டால் கொடுப்பார்களா என்று பேச்சு நீளும். மூன்றாம் நாள் மத்தியானம், சான்றிதழில் பெயரின் எழுத்துக்கூட்டலைச் சரிபார்க்கும் தாள் கை மாறிக்கொண்டிருக்கும்போதே ஒரு மேலாளர் லேப்டாப்பைத் திறந்து அந்த அனுமதிக்கான மின்னஞ்சலை எழுதத் தொடங்குவார். யார் யாரைச் சிசி-யில் போடுவது என்பதில் பக்கத்து நாற்காலிக்காரரிடம் யோசனை கேட்பார். அக்கவுண்ட் மேனேஜர் பெயரை முதலில் சேர்ப்பார், பிறகு எடுப்பார், மறுபடி சேர்ப்பார்.